பாகில் பூத்த தும்பை

(கள்ளக்குறிச்சியில் மகளிர் குழுவினர் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிற வெள்ளிமலைத் தங்கச்சிகளே, கேக் தொழிலில் எனக்கு நேர்ந்த முதல் அவமானம் உங்கள் ஊரில்தான் நடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கார்த்திகை மாதம். வெள்ளிமலையில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். இரண்டு கிலோ கேக், மேலே சர்க்கரையில் செய்த ரோஜாப் பூக்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று ராத்திரி கண் விழித்து 21 பூ செய்தேன். இதழ் இதழாக, கண்ணாடி போல. என் சமையலறையில் அவை நிமிர்ந்து நின்ற அழகை நானே பத்துத் தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடித்த கிரீம் பூசிய கேக்கின் மேல் காலையிலேயே பூக்களை அடுக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு ஏற ஏற மூட்டம் இறங்கிவிட்டது. வண்டியில் ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்ததால் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெள்ளிமலையில் பெட்டியைத் திறந்தால், 21 ரோஜாவும் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருக்கின்றன. சிவப்புச் சாயம் வெள்ளைக் கிரீமில் கோடு கோடாக வழிகிறது. அந்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கேக்கு அழுவுது பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, “சக்கரையில செஞ்சதா தாயி? மூட்டத்துல சக்கரை நிக்குமா?” என்று கேட்டார். நான் காசு கட்டிப் படித்துவிட்டு வந்த பயிற்சி வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி அது. அங்கே குளிர்சாதன அறையில் சொல்லிக்கொடுத்தார்கள். பூ நின்றது. வெளியே வந்தால் நிற்குமா என்று யாரும் கவலைப்படவில்லை.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். கேக்கின் மேல் வைக்கிற சர்க்கரைப் பூ, இலை, பொம்மை எல்லாம் ஏதோ சீமை வித்தை என்று நினைத்துப் பயப்படுகிறோம். பெட்டியில் அடைத்து வருவதைக் காசு கொடுத்து வாங்கி ஒட்டுகிறோம். அந்த வித்தையின் உயிர் பாகு பதம். அது அதிரசம் சுட்ட வீட்டில் இருக்கிறது. அதற்கு வேண்டிய சரக்கும் இந்த மாவட்டத்து வயலில் விளைகிறது. சர்க்கரைக்கு ஒரே எதிரி தண்ணீர், ஒரே துணையும் தண்ணீர்தான். எவ்வளவு தண்ணீரை உள்ளே விட்டுவைப்பது, எவ்வளவை வெளியேற்றுவது என்கிற கணக்குதான் பதம்.

என் ஆயா பொரி உருண்டைக்குப் பாகு வைக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அதில் விழும். விரலால் திரட்டிப் பார்ப்பாள். கரைந்தால், இன்னும் ஆகவில்லை. திரண்டு மெத்தென்று நின்றால் உருட்டுப் பதம். இன்னும் காய்ச்சி, திரட்டின உருண்டையைத் தட்டில் எறிந்து ‘டங்’ என்று சத்தம் கேட்டால் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள். ஆயா காதால் சமைத்தவள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் மெத்தென்ற உருண்டை 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். கெட்டியான உருண்டை 121க்கு மேல். இன்னும் விட்டால், தண்ணீரில் விழுந்த சொட்டு நூலாகி, மடக்கினால் படக்கென்று முறியும். அது 149 முதல் 154 டிகிரி. கண்ணாடி போன்ற பூவும் இலையும் செய்வது இந்த முறியும் பதத்தில்தான். 160ஐத் தாண்டினால் நிறம் மாறிக் கருகல் வாசம் தொடங்கிவிடும்.

பாகு கொதிக்கக் கொதிக்கச் சூடு ஏன் ஏறுகிறது? வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துக்கொண்டே இருக்குமே தவிர, அதற்கு மேல் சூடாகாது. சர்க்கரை கலந்தால் கொதிநிலை உயரும். தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, மிச்சமிருக்கிற பாகு கெட்டிப்பட்டு இன்னும் உயரும். ஆகவே பாகின் சூட்டை அளந்தால் அதில் மிஞ்சியிருக்கிற தண்ணீரை அளந்ததாகவே அர்த்தம். முறியும் பதத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர்தான் இருக்கும்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. கல்வராயன் மலை 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரம். ஆயிரம் அடி ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். பாகுக்கும் அதே கணக்குதான். கள்ளக்குறிச்சியில் 150இல் வருகிற பதம் வெள்ளிமலையில் 147லேயே வந்துவிடும். புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து 150க்குக் காத்திருந்தால் பாகு முற்றிவிடும். ஆனால் கிண்ணத்துத் தண்ணீரில் விட்ட சொட்டு கீழேயும் மேலேயும் ஒரே மாதிரிதான் முறியும். தெர்மாமீட்டர் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கினால், முதல் நாள் கொதிக்கிற வெந்நீரில் வைத்து அது என்ன எண் காட்டுகிறது என்று பார்த்து, குறைகிற டிகிரியை எல்லாப் பதத்திலும் கழித்துக்கொள்ளுங்கள். ஆயாவின் கிண்ணத்துக்கு இந்தக் கழித்தல் கணக்கு வேண்டாம்.

இன்னொன்று, பாகு பூத்துப்போவது. நன்றாக வந்துகொண்டிருக்கிற பாகு திடீரென்று மணல் மணலாகிவிடும். சர்க்கரைக்கு மறுபடியும் பரலாக மாறத்தான் ஆசை. ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஒரே ஒரு பரல் உள்ளே விழுந்தாலும் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னால் போய்விடும். அதனால் கொதி வந்த பிறகு கிளறக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தை ஈரத் துணியால் வழித்துவிட வேண்டும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட வேண்டும். சர்க்கரையின் ஒரு மூலக்கூறு குளுக்கோஸும் பிரக்டோஸும் கைகோத்து நிற்பது. புளிப்பு பட்டால் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். பிரிந்தவை நடுவில் புகுந்து நிற்பதால் மற்றவை வரிசை கட்டிப் பரலாக முடிவதில்லை. ஆனால் எலுமிச்சையை அதிகமாக விட்டால் வேறு ஆபத்து. பிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிப்பதில் பெரிய கில்லாடி. அது கூடினால் பூ அழும். சாதாரணச் சர்க்கரைப் பரல், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தொடும் வரை தாங்கும். பிரக்டோஸோ 60ஐக் கொஞ்சம் தாண்டினாலே கசியத் தொடங்கிவிடும். மூட்டம் என்பது 100. என் 21 ரோஜா எந்தக் கணக்கிலும் பிழைத்திருக்க முடியாது.

இதே காரணத்தால்தான் மலைத் தேனைச் சர்க்கரைப் பூவில் சேர்க்காதீர்கள் என்கிறேன். தேனில் இருக்கிற சர்க்கரையில் பாதிக்குக் கிட்ட பிரக்டோஸ். “எங்க மலைத் தேன் ஊத்தினா வாசமா இருக்கும்க்கா” என்று ஒரு தங்கச்சி போனில் சொன்னாள். வாசமாகத்தான் இருக்கும், பூதான் இருக்காது. ஆனால் கேக்கைப் போர்வை போல மூடுகிற சர்க்கரை மாவு காய்ந்து வெடிக்காமல் இருக்க வேண்டுமானால், பிசையும்போது ஒரு கரண்டி தேன் விடலாம். அங்கே ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் வேலை.

இப்போது ஜவ்வு மிட்டாய்க்காரருக்கு வருகிறேன். இங்கே நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தோளில் உயரமான மூங்கில் கழி. கழியின் உச்சியில் ஒரு பொம்மை, பாவாடை கட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்தால் ‘ஜல் ஜல்’ என்று கைதட்டும். பொம்மைக்குக் கீழே கழியைச் சுற்றி ரோஸும் வெள்ளையுமாக மிட்டாய், மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். பத்துப் பைசா கொடுத்தால் தாளை விலக்கி ஒரு துண்டை இழுத்து, நாம் கேட்டதைச் செய்து மணிக்கட்டில் கட்டுவார். கைக்கடிகாரம், மோதிரம், மயில், தேள், ஏரோப்பிளேன். ஒன்றுக்கு அரை நிமிஷம் ஆகாது. கடிகாரத்துக்கு முள் வேறு வைப்பார். கடைசியில் ஒரு சின்னத் துண்டை நம் கன்னத்தில் ஒட்டிவிட்டுப் போவார். அது கொசுறு.

நட்சத்திர ஓட்டல்களில் கேக்கின் மேல் பட்டு நாடா மாதிரி மின்னுகிற சர்க்கரை நாடாவைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்கிறவருக்குத் தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி, மாதச் சம்பளம், போட்டிகளில் பதக்கம். அவர் செய்வதும் ஜவ்வு மிட்டாய்க்காரர் செய்ததும் ஒரே காரியம். காய்ச்சின பாகை எண்ணெய் தடவின கல்லில் ஊற்றி, ஓரம் ஆறியதும் உள்ளே மடக்கி, கை பொறுக்கிற சூட்டில் இழுக்க வேண்டும். இழுத்து, மடித்து, மறுபடியும் இழுக்க வேண்டும். நம்மூரில் சுவரில் ஒரு பெரிய ஆணி அடித்து அதில் மாட்டி இழுப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் காற்று மெல்லிய இழையாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. கண்ணாடி போலிருந்த பாகு அதனால்தான் பட்டாக வெளுத்து மின்னுகிறது. சாயமே வேண்டாம். மிட்டாய்க்காரருடையது கொஞ்சம் இளம் பதம், வளையும். ஓட்டல்காரருடையது முறியும் பதம், நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஒருவர் கலைஞர், இன்னொருவர் தெருவில் மிட்டாய் விற்கிறவர் என்று நாம் பிரித்துவைத்தது பதத்தைப் பார்த்து அல்ல.

இந்தப் பாகுக்கு அளவு: சர்க்கரை அரை கிலோ, தண்ணீர் 200 மில்லி, திரவக் குளுக்கோஸ் 100 கிராம். குளுக்கோஸ் இல்லாதவர்கள் எலுமிச்சைச் சாறு கால் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். அழுக்குத் திரண்டால் வழித்து எடுத்துவிடுங்கள். பலகாரப் பாகுக்குச் செய்வது போலப் பால் ஊற்றி அழுக்கு எடுக்காதீர்கள். பால் இந்தச் சூட்டில் பழுப்பேறிவிடும். ஒரு எச்சரிக்கை. இது வெந்நீர் இல்லை. 150 டிகிரியில் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு செய்யுங்கள்.

திரவக் குளுக்கோஸ் என்றதும் ஏதோ மருந்துக்கடைச் சரக்கு என்று முகம் சுளிக்கிறீர்கள். அது உங்கள் கொல்லையில் விளைகிறது. நம் குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், மாவிலிருந்தும் அதை எடுக்கலாம். ஆத்தூர், சின்னசேலம் பக்கம் போனால் ரோட்டோரத்தில் வெள்ளை வெளேரென்று காயப்போட்டிருக்கிறார்களே, அந்த மாவுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். பிறகு 1981இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். கல்வராயன் மலைச் சரிவில் பிடுங்குகிற கிழங்கில் பெரும்பகுதி ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்குத்தான் போகிறது. மாவு மிட்டாய்க் கம்பெனிகளுக்கும் துணி ஆலைகளுக்கும் போகிறது. நமக்கு அது பிளாஸ்டிக் டப்பாவில் சர்க்கரைப் பூவாகத் திரும்பி வருகிறது.

கரும்பைப் பற்றி இந்த ஊரில் நின்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவு ஆலை, கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவு ஆலை. அரவை நடக்கிற மாதங்களில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பஸ்ஸைத் தவற விட்டவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். பழைய கதை ஒன்று மட்டும் சொல்கிறேன். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூர் அதியமானின் முன்னோர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். அதே பாட்டிலேயே அதியமான் கோவலூரை அழித்த செய்தியும் வருகிறது. கோவலூர் என்பது நம் திருக்கோவிலூர், இன்றைக்கு இந்த மாவட்டத்தில் இருக்கிற ஊர். கரும்பு கொண்டுவந்த குடியில் பிறந்தவன் நம் ஊரின் மேல் படை கொண்டும் வந்திருக்கிறான். கரும்பை நாம் வைத்துக்கொண்டோம். வெட்டுக் கூலியும் நிலுவைப் பணமும் பற்றி வயலில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் படையும் முழுதாகத் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வராயன் மலையில் வெல்ல மூட்டை என்றாலே காவல்துறை நின்று பார்க்கிற நிலை பல ஆண்டுகளாக இருக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும், சாராய ஊறல். 2024 ஜூனில் இந்த ஊரில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது மெத்தனால். அது வெல்லத்திலிருந்து வந்ததல்ல, தொழிற்சாலை விஷம். அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் இந்தக் கூடத்திலும் இருக்கலாம். இதற்கு மேல் பேச எனக்கு அருகதை இல்லை. வெல்லத்துக்கு வேறு வேலையும் உண்டு என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். கல்யாணச் சீரில் வைக்கிற பருப்புத் தேங்காயைப் பார்த்திருக்கிறீர்களா? தகரக் கூம்புக்குள் தாள் சுற்றி, வெல்லப் பாகில் பிரட்டியதைச் சூட்டோடு அடைத்து, ஆறியதும் கூட்டை உருவினால் ஓர் அடி உயரத்துக்குக் கோபுரம் மாதிரி நிற்கும். பதம் ஒரு மயிரிழை இளகினால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே சாய்ந்துவிடும். கேக்கின் மேல் சர்க்கரைக் கோட்டை கட்டுகிறவர்களுக்கு இருக்கிற அதே பயம்.

சர்க்கரையைப் பொம்மையாக வடிப்பது நம் அக்கம்பக்கத்திலும் நடக்கிறது. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ‘சக்கரை அச்சு’ என்று மரஅச்சில் பாகை ஊற்றி யானை, கிளி, கோபுரம் எல்லாம் எடுத்து எள்ளோடு சேர்த்துத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். மராட்டியத்தில் அதே பண்டிகைக்கு, புதுப் பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் சர்க்கரை மணியில் கோத்த நகை போடுகிறார்கள். அட்டிகை, வளையல், கிரீடம், எல்லாம் சர்க்கரை. எள் ஒன்றை நடுவில் வைத்து, மெல்லிய சூட்டில் பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் உருட்டிக்கொண்டே இருந்தால் அதன் மேல் முள் முள்ளாகப் பூக்கும். கேக்கின் மேல் தூவுகிற வண்ண மணிகளும் இப்படி உருட்டி உருட்டி எடுப்பவைதான். மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களுக்குப் படைக்கச் சர்க்கரையில் மண்டை ஓடு செய்து, நெற்றியில் பேர் எழுதி வைக்கிறார்கள். நம் ஊர் ஆடி அமாவாசைக்கு இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அந்த மண்டை ஓட்டு முறைதான் எல்லாவற்றிலும் சுலபம். முதல் முறை செய்கிறவர்கள் அதில் தொடங்குங்கள். அடுப்பே வேண்டாம். ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து விரலால் பிசிறுங்கள். கடற்கரை ஈர மணல் பதம், பிடித்தால் பிடிபட வேண்டும். இதைக் கொழுக்கட்டை அச்சில் அழுத்தி அடைத்து, தட்டில் கவிழ்த்து, ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்றில் விடுங்கள். காலையில் கல் மாதிரி ஆகியிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வந்து மற்ற நாளெல்லாம் பரணில் தூங்குகிற அச்சு அது. அதற்கு வருஷம் முழுக்க வேலை கிடைக்கும்.

அடுத்தது பொடிச் சர்க்கரை வேலை. கடையில் ஐசிங் சர்க்கரை என்று விற்பது வேறொன்றுமில்லை. சர்க்கரையை நைசாக அரைத்து, கட்டி தட்டாமல் இருக்க நூற்றுக்கு மூன்று நாலு பங்கு சோள மாவு சேர்த்தது. வீட்டில் மிக்சியில் ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு பெரிய கரண்டி குச்சிக்கிழங்கு மாவு போட்டு அரையுங்கள். சூடேறாமல் விட்டு விட்டு அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலியுங்கள். சலிக்கச் சோம்பல்பட்டால் கூம்பின் மூக்கு அடைத்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கருவில் இந்தப் பொடியைச் சேர்த்து அடித்தால், கூம்பில் போட்டுக் கோலம் இழுக்கிற பதத்துக்கு வரும், காய்ந்தால் சுண்ணாம்பு போல இறுகும். ஒரு வெள்ளைக்கருவுக்கு 150 கிராம் பொடியில் தொடங்கிப் பதம் பார்த்துக் கூட்டலாம். 1840இல் விக்டோரியா மகாராணியின் கல்யாணக் கேக்கிலும் பூசிய இதற்கு ‘அரச’ப் பூச்சு என்று பேர். மார்கழியில் வாசலில் 21 புள்ளி வைத்து இழை பிசகாமல் இழுக்கிற கைக்கு, கேக்கின் ஓரத்தில் ஒரு வரி இழுப்பது பெரிய காரியமில்லை. விரலிடுக்கில் மாவு விழுவதற்குப் பதில் கூம்பிலிருந்து விழுகிறது.

பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் போகிற கேக்கானால் பதப்படுத்திய முட்டை வெள்ளைப் பொடியை வாங்குங்கள். முட்டையே வேண்டாம் என்கிற வீடுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து அடித்தால் அது முட்டை வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்துப் பொங்கும். 2014இல் பிரான்சில் ஜோயல் ரோசெல் என்பவர் இதைக் கண்டு சொன்னார். அதற்கு முன்னால் நவராத்திரிச் சுண்டலுக்கு வேகவைத்து எத்தனை குடம் சாக்கடையில் கொட்டியிருப்போம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இதழ் வைத்துச் செய்கிற பூவுக்கு இழுபடுகிற மாவு வேண்டும். பொடிச் சர்க்கரை அரை கிலோ, 60 மில்லி தண்ணீரில் ஊறவைத்து உருக்கிய 10 கிராம் ஜெலட்டின், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, காற்றுப் படாமல் மூடி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யுங்கள். ஒரு நாளில் பீங்கான் மாதிரி காய்ந்துவிடும். ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் எலும்பு, தோலிலிருந்து வருவது. சைவ வீட்டு ஆர்டருக்குச் சொல்லாமல் போட்டுவிடாதீர்கள். அது தொழில் தர்மம் இல்லை.

எந்தப் பூ செய்வது? எல்லோரும் ரோஜா செய்கிறார்கள். நானும் செய்தேன், அழுதேன். இப்போது நான் செய்வது தும்பை. வேலியோரத்தில் யாரும் மதிக்காமல் நிற்கிற பூ. சாயமே வேண்டாம், சர்க்கரையின் வெள்ளையே அதன் வெள்ளை. மிளகளவு மாவைத் துளி மாதிரி உருட்டி, அகன்ற பக்கத்தைக் கத்திரியால் ஒரு வெட்டு வெட்டி, கீழ் உதட்டைப் பல் குச்சியால் உருட்டி விரித்தால் பூ. ஒரு மணி நேரத்தில் அறுபது செய்யலாம். உதிரியாகத் தூவினாலே கேக்குக்கு ஒரு முகம் வந்துவிடும். கை பழகிய பிறகு செங்காந்தள் செய்யுங்கள். நம் மாநிலப் பூ, மஞ்சளும் சிவப்புமாகத் தீ மாதிரி இருக்கும். நிஜச் செங்காந்தளை ஒருபோதும் கேக்கில் வைக்காதீர்கள். அந்தச் செடி முழுக்கக் கோல்கிசின் என்கிற விஷம். அழகாக இருக்கிறது என்று தோட்டத்து அரளியைச் செருகின கேக்கையும் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் விஷம்தான். தின்ன முடியாத பூவைத் தின்னும்படி ஆக்குவதற்குத்தானே சர்க்கரைப் பூ.

சாயம் பற்றிச் சுருக்கமாக. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி கலந்திருப்பது தெரிந்து புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் தடை போட்டன. அது துணிக்குப் போடுகிற சாயம். கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்தை மலிவாக யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பீட்ரூட் சாறு கொதிக்கிற பாகில் நிறம் கெட்டுப் பழுப்பாகும். காய்ந்த பொடியாக மாவில் பிசைந்தால் நிற்கும். சங்குப்பூ வேடிக்கையானது. வெறும் தண்ணீரில் நீலம், எலுமிச்சை பட்டால் ஊதா, முட்டை வெள்ளையோடு சேர்ந்தால் பச்சை தட்டும். மூன்று நிறம் ஒரே கொடியில். எதுவானாலும் திரவமாக ஊற்றினால் தண்ணீர்க் கணக்கு தப்பும். பொடியே நல்லது.

கடைசியாக, அந்தப் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். மூட்டத்தில் சர்க்கரை நிற்குமா? சும்மா விட்டால் நிற்காது. நிற்க வைக்க நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சர்க்கரைப் பூவைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் சொம்பு வியர்ப்பது போல வியர்த்துவிடும். அடித்த கிரீமின் மேல் பூவை நேராக வைக்கக் கூடாது, அதிலிருக்கிற தண்ணீர் அடியிலிருந்து ஏறும். பூவின் அடியில் வெள்ளைச் சாக்லேட்டை உருக்கித் தடவிக் காயவிட்டால், அந்தக் கொழுப்பு ஈரத்துக்குக் கதவைச் சாத்திவிடும். பூவையும் கேக்கையும் தனித்தனியாகக் கொண்டுபோய், வெட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அங்கேயே வையுங்கள். பூ போகிற டப்பாவில் அடியில் வறுத்து ஆறின அரிசி இரண்டு கைப்பிடி, மேலே துணி, துணியின் மேல் பூ. வறுத்த அரிசி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அடுத்த முறை அதையே மறுபடி வறுத்துக்கொள்ளலாம். மலைக்குப் போகிற பூவில் எலுமிச்சை, குளுக்கோஸ் சேர்த்துக் காய்ச்சின பளபளப்பு வேலை வேண்டாம். பொடி மாவில் செய்து காய்ந்த பூதான் தாங்குகிறது.

விலை பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். சர்க்கரைக்கு விலை போடாதீர்கள். கை வேலைக்கு மணிக் கணக்கில் போடுங்கள், நாற்று நடப் போனால் கிடைக்கிற கூலிக்குக் கீழே போகாமல். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். மற்றதைத் தேநீருக்குப் பிறகு பேசலாம்.

இதோ இந்த டப்பாவில் இருப்பது மூன்று வாரத்துக்கு முன்னால் நான் செய்த தும்பை. எடுத்துப் பாருங்கள், தட்டினால் சத்தம் வரும். ஆயா கேட்ட ‘டங்’ இல்லை, சின்னதாக ஒரு ‘டிக்’. இதில் பாதியை வெள்ளிமலைத் தங்கச்சிகள் எடுத்துக்கொண்டு போங்கள். மேலே போனதும் பத்துப் பூவை அரிசியோடு மூடி வையுங்கள், பத்துப் பூவைத் திண்ணையில் திறந்து வையுங்கள். எந்தப் பூ எத்தனையாவது நாள் அழுதது என்று குறித்து எனக்குப் போன் பண்ணுங்கள். அந்தப் பாட்டி இருந்தால், அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு.